முதல் பந்தியில் பிஜ்லி

கல்யாணத்துக்கு முதல் நாள் மணப்பெண் என்னென்ன செய்யக்கூடாது என்பதற்கு எங்கள் வீட்டில் தனிச் சட்டமே இருந்தது. வெயிலில் நிற்கக்கூடாது. அரிவாள்மணையைத் தொடக்கூடாது. வாசல் தாண்டக்கூடாது. சத்தம் போட்டுச் சிரிக்கக்கூடாது (இது எனக்காகவே அம்மா சேர்த்தது). ஆனால், மாட்டுக் கொட்டகைக்குப் போய் ஓர் எருமையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செம்பூர் பஜார் வழியாக நடத்தி வரக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அறுபதுகளின் நடுவில், பம்பாயில் அரிசி ஒரு வதந்தியாக இருந்த காலம் அது. ரேஷன் கடைக்கு அரிசி வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், வாயில் இருக்கும் பல்பொடியைத் துப்பிவிட்டு ஓடுவோம். போய்ச் சேரும்போது கடைக்காரர் சிவப்புச் சோளத்தைக் காட்டுவார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சோளம். அதை வேகவைக்கும் விறகுக்கு இன்னொரு கப்பல் வர வேண்டும், அத்தனை கெட்டி. திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை நாட்டுக்காக விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் கேட்டுக்கொண்டார். எங்கள் அப்பாவும் மறுக்காமல் விட்டுக்கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் அதற்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

செம்பூரில் நாங்கள் இருந்த காலனியில் எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எதிர்வீட்டில் பட்டாபிராமன் மாமாவும் விசாலம் மாமியும். மாமா மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் கணக்கர். கீழ்வீட்டில் சிந்திக்காரப் பெண்மணி ஒருவர், கணவர் இல்லை, அப்பளம் இட்டு விற்றுப் பிழைத்தார். அவரைக் காலனி முழுக்க ‘பாபி’, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடும். இப்படிக் கலந்து கட்டிய காலனி.

பஞ்ச காலத்தில் முதலில் புத்தி வேலை செய்தது அம்மாவுக்குத்தான். எங்கள் சர்ச்சில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். அம்மா அதைக் காலனிக்குக் கொண்டுவந்தாள். மாமியின் வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய தகர டின். யார் வீட்டில் உலை வைத்தாலும் ஒரு பிடி அதில் விழ வேண்டும். அரிசி இல்லையா, கோதுமை போடு. கோதுமை இல்லையா, சோளம் போடு. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அவர்கள் வந்து அள்ளிக்கொள்ளலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. மில்லில் ஆளைக் குறைத்தபோது அந்த டின்னால் பிழைத்த வீடுகள் எங்கள் காலனியில் உண்டு.

டின்னுக்குப் பிறகு தோட்டம். காலனிக்குப் பின்னால், மதில் வரைக்கும், உடைந்த செங்கலும் பையன்களின் கிரிக்கெட்டுமாகக் கிடந்த ஒரு துண்டு நிலம். அதைக் கொத்திக் காய்கறி போடலாம் என்றார் மாமா. எல்லோரும் துணி அலசின தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் சுமந்து போய் ஊற்றுவது. விளைவதை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவது. கொத்த முடியாதவர்களுக்கும் பங்கு உண்டு. கால் ஒடிந்து படுத்திருந்த ஒரு டிரைவரின் வீட்டுக்கு முதல் பங்கு போகும்.

இந்தத் தோட்டத்துக்கு நான் செயலாளர். இருபத்தோரு வயது. ஆபீசில் டைப்பிஸ்ட். ஒரு செடியைக் கூட அதுவரை நட்டதில்லை. என் தகுதி என்னவென்றால், சர்க்கார் வெளியிட்ட ‘வீட்டுக்கு வீடு காய்கறி’ மாதிரியான ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம் ஆபீசில் என் கைக்குக் கிடைத்தது. அதை நான் மட்டும்தான் முழுவதும் படித்திருந்தேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று நான் பேச ஆரம்பித்தால் மாமி ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

நிஜத்தைச் சொல்ல வேண்டும், தோட்டம் நன்றாகவே வந்தது. (புத்தகத்தால் அல்ல, வாளிகளால்.) சுரைக்காய், பூசணி, அவரை, கத்தரி, கீரை. மாமா எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய இரும்புக் கட்டிலை நிமிர்த்தி வைத்து, கம்பியால் இரண்டு மூங்கிலோடு கட்டி, அதுதான் தோட்டத்துக் கேட். பாபி மட்டும் மதில் ஓரமாகப் பாகற்கொடி விட்டிருந்தார். அது மதிலையே மூடி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. கூட்டத்தில் நான் எழுந்து, “இந்தக் கசப்புக் கொடியை யாரும் தின்கிறதில்லை, இடத்தை அடைக்கிறது, பிடுங்கிவிட வேண்டும்” என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பாபி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “கரேலாவில் கை வைத்தால் உன் கையில் நான் வைப்பேன்” என்றார் இந்தியில். தீர்மானம் வாபஸ்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தனராஜ், தாராவியில் வீடு, ரயில்வேயில் வேலை. பெண் பார்க்க வந்தபோது அவர் வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசினார்கள். தாராவியில் அவர்கள் பேரைச் சொன்னால் ரேஷன் கடைக்காரரே எடைக்கல்லைத் துடைத்து வைப்பார் என்று கேள்வி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பிள்ள நல்லாத்தான் இருக்கா. வேல செய்வாளா, இல்ல சும்மா வாய்தானா?” என்று கேட்டார்கள். அம்மா “வேல செய்வா” என்றாள். அப்பா இருமினார்.

அந்த நாளில் கல்யாண விருந்து என்பது சாமானிய காரியமில்லை. இத்தனை பேருக்கு மேல் சோறு போடக்கூடாது என்று சட்டம். போடலாம் என்று சட்டம் சொன்ன பேருக்கும் அரிசி கிடையாது. விருந்து வேண்டாம், டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இது காலனிக்குத் தெரிந்ததும் மாமி நேராக வந்து சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பிஸ்கட்டாவது மண்ணாவது! கொழந்தைக்கு ஒரே ஒரு தடவை பண்ற கல்யாணம். டின்னுல அரிசி இருக்கு. தோட்டத்துல காய் இருக்கு. நான் சமைக்கறேன். நம்மாத்துக் கல்யாணம்னா இப்படித்தான் விட்டுடுவோமா?”

எல்லோரும் சாப்பிட வேண்டும் என்பதால் சைவச் சாப்பாடு. ஒரு மாதமாகக் காலனிக்காரர்கள் தங்கள் பங்குக் காயைக்கூடப் பறிக்காமல் என் கல்யாணத்துக்கென்று செடியிலேயே விட்டு வைத்தார்கள். டிரைவர் வீட்டம்மா ஒரு பூசணிக்காய்க்குத் தன் பழைய புடவையைக் கிழித்து ஊஞ்சல் கட்டியிருந்தாள், காம்பு ஒடியக்கூடாதென்று.

பாக்கி இருந்தது பால் மட்டும்தான். பாயசத்துக்கும் மோருக்கும் பால் வேண்டும். கார்டுக்குக் கிடைக்கும் பால் பூனைக்குத்தான் காணும். அங்கேதான் செயலாளரின் மூளை வேலை செய்தது.

குர்லா போகும் வழியில் ராம்லகன் பையாவின் மாட்டுக் கொட்டகை. ஆபீசிலிருந்து வரும் வழியில் அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் பம்பாய் இந்தியில் பேசுவார், என்னை ‘பேட்டி’, மகளே, என்பார். நான் திருநெல்வேலி இந்தியில் பதில் சொல்வேன். பச்சைத் தீவனமே கிடைப்பதில்லை, மாடுகள் காய்ந்த வைக்கோலைத் தின்று என்னை முறைக்கின்றன என்று அழாத குறையாகச் சொன்னார்.

“பையா, கல்யாணத்துக்குக் காய் பறித்த பிறகு செடி, கொடி, இலை எல்லாம் மிஞ்சும். அவ்வளவும் உங்களுக்கு. பதிலுக்குக் கல்யாணத்துக்குப் பால் தருகிறீர்களா?”

அவர் கண் பளபளத்தது. “தந்துவிடுகிறேன் பேட்டி. விடியற்காலை கொண்டு வருகிறேன்.”

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ராம்லகன் பையாவின் பாலில் மீன் வளர்க்கலாம் என்று காலனியில் ஒரு பேச்சு. நான் நிமிர்ந்து நின்று, “பாலைக் கொண்டு வர வேண்டாம். மாட்டைக் கொண்டு வாருங்கள். எங்கள் கண் எதிரில் கறந்து தாருங்கள்” என்றேன்.

“என் மேல் நம்பிக்கை இல்லையா?”

“உங்கள் மேல் இருக்கிறது. தண்ணீர் மேல்தான் இல்லை.”

அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒரு சிக்கல். விடியற்காலையில் அவருக்குக் கறவை வேலை இருக்கும், மாட்டை ஓட்டிவர நேரம் இருக்காது. ஆகவே முந்தின நாள் சாயங்காலமே மாடு காலனிக்கு வந்து கட்டிக் கிடக்கும், விடிந்ததும் அவர் சைக்கிளில் வந்து கறப்பார் என்று முடிவானது.

முந்தின நாள் சாயங்காலம் மாடு வரவில்லை. மாட்டை ஓட்டி வரவேண்டிய ஆள் ஊருக்குப் போய்விட்டானாம். காலனியில் பந்தல் போடுகிற அமளி. அம்மா என்னைக் காணவில்லை என்று தேடுவதற்குள் நான் பின்பக்கமாக வெளியேறி, கொட்டகைக்குப் போய், கயிற்றை வாங்கிவிட்டேன். ஒரு மாட்டை நடத்துவதில் என்ன கம்பசூத்திரம் இருக்கிறது என்று நினைப்பு.

எருமையின் பெயர் பிஜ்லி. மின்னல் என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தவருக்கு மின்னலையும் தெரியாது, எருமையையும் தெரியாது. நான்கு அடி நடக்கும், நிற்கும், உலகத்தைப் பற்றி யோசிக்கும். பஜார் நடுவில் ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் யோசித்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் இழுத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாப்பிள்ளையின் சித்தப்பா என்பது எனக்கு அப்போது தெரியாது.

காலனிக்கு வந்து சேர்ந்தபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏட்டி, நாளைக்குக் கல்யாணம் உனக்கா, அந்த எருமைக்கா? மூஞ்சியெல்லாம் புழுதி!”

“நல்ல பால் வேணும்லாம்மா?”

“பால் கெடக்கட்டும். காயெல்லாம் இப்பமே பறிச்சுப் போட்டுருவோம். காலைல யாரு கெடந்து பறிக்க?”

இங்கே நான் என் புத்தகத்தைத் திறந்தேன். “அம்மா, விடியற்காலைல பறிச்சாத்தான் காயில ஈரம் நிக்கும், ருசி இருக்கும். புஸ்தகத்துல போட்டுருக்கு.”

“புஸ்தகமா வந்து அவியல் வைக்கப் போவுது?”

“செயலாளர் நான் சொல்லுதேன். காலைலதான் பறிக்கணும்.”

அம்மா மாமியைப் பார்த்தாள். மாமி, “கல்யாணப் பொண்ணு ஆசைப்படறா, விடுங்கோ” என்றாள். பாவம், நல்ல மனுஷி.

பிறகு மாட்டைக் கட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சாரணியர் பயிற்சியில் நான் முடிச்சுப் போடுவதில் பரிசு வாங்கியவள். எங்கே கட்டலாம் என்று பார்த்தேன். பந்தல் கால் ஆடும். தண்ணீர்க் குழாயில் கட்டினால் குழாய் போய்விடும். பார்த்தால், நல்ல கனமான இரும்பு, என் கண் எதிரிலேயே. தோட்டத்துக் கேட். கட்டிலின் காலில் கயிற்றைச் சுற்றி, பரிசு வாங்கிய அதே முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்து தூங்கப் போனேன்.

அந்த முடிச்சைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அது கடைசிவரை அவிழவே இல்லை. கட்டில்தான் அவிழ்ந்தது.

விடிந்தும் விடியாததுமாக மாமியின் குரலில் எழுந்தேன். “எஸ்தர்! அடி எஸ்தர்! சித்த இங்கே வாயேன்!” ஓடினேன். மாமி கையில் காய்க்கூடையோடு, கேட் இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

தோட்டத்தின் நடுவே பிஜ்லி படுத்திருந்தது. கழுத்துக் கயிற்றின் மறுமுனையில் கட்டில் மல்லாந்து கிடந்தது. சுரைக்கொடி இல்லை. அவரை இல்லை. கத்தரிச்செடிகளின் குச்சிகள் மட்டும் நின்றன. பூசணி தொங்கிய புடவை ஊஞ்சல் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. கீரைப் பாத்தி இருந்த இடம் இப்போதுதான் பெருக்கினது போலச் சுத்தமாக இருந்தது. எருமை என்னைப் பார்த்து மெதுவாக ஒரு காதை ஆட்டியது.

ஒவ்வொரு வீடாக எழுந்து வந்து நின்றார்கள். டிரைவர் கட்டுப்போட்ட காலோடு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தனை பேர் ஒரு மாதம் வாய்க்கு எட்டினதைத் தின்னாமல் எனக்கென்று விட்டு வைத்திருந்தார்கள். அம்மா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் பட்டாபிராமன் மாமாதான் தொண்டையைச் செருமினார். “கொத்தாதவாளுக்கும் பங்கு உண்டுன்னு நாமதானே தீர்மானம் போட்டோம்? அது படிச்சுட்டு வந்திருக்கு.”

அப்பா முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். நான் மட்டும் அழுதேன்.

சிரிப்பு அடங்குமுன் சைக்கிளில் ராம்லகன் பையா வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தோட்டத்தைப் பார்க்கவே இல்லை. மாட்டைப் பார்த்தார், கேனைக் கீழே போட்டார்.

“அய்யோ பிஜ்லி! வயிறு ஊதிவிட்டதே! பேட்டி, என் மாட்டைக் கொன்றுவிட்டாயே!”

அப்போதுதான் கவனித்தோம். மாதக்கணக்கில் வைக்கோலையே தின்ற வயிற்றில் ஒரே ராத்திரியில் ஒரு கல்யாண விருந்து போயிருக்கிறது. இடது பக்கம் தவில் மாதிரி உப்பியிருந்தது. மூச்சு இரைந்தது. பையா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார். கல்யாணக் காயை எருமை தின்றது போய், எருமையைக் கல்யாணக் காய் கொல்லப் போகிறது.

மாமி உள்ளே ஓடி, ரசத்துக்கு வைத்திருந்த பெருங்காயத்தை முழுவதும் வெந்நீரில் கரைத்துக்கொண்டு வந்தாள். பாபி ஓமம் கொண்டுவந்தார். அம்மா எண்ணெய் கொடுத்தாள். ஒரு மூங்கில் குழலால் எல்லாவற்றையும் புகட்டினார் பையா. பிறகு, “நடத்த வேண்டும். உட்கார விடக்கூடாது” என்று சொல்லி என் கையில் கயிற்றைக் கொடுத்தார். அவர் பக்கவாட்டில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அப்போது நான் இருந்த கோலத்தைச் சொல்லிவிட வேண்டும். தலையில் முந்தின ராத்திரி மாமி வைத்த எண்ணெய் வழிய வழிய. முகத்தில் அப்போதே அவள் தடவிய பயத்தமாவு காய்ந்து வெடித்திருந்தது. கட்டியிருந்தது அம்மாவின் பழைய நூல் புடவை, முழங்கால் வரை ஏற்றிச் செருகியிருந்தேன். கையில் கயிறு. பந்தலைச் சுற்றிச் சுற்றி எருமையோடு நடந்துகொண்டிருந்தேன்.

கல்யாணப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் காலையில் கொண்டுவந்து, ஜெபம் செய்து பெண்ணிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் மூன்றாவது சுற்று வரும்போது அவர்கள் டாக்சியிலிருந்து இறங்கினார்கள். முன்னால் மாமியார், கையில் புடவைத் தட்டு. பின்னால் வெள்ளைச் சட்டைப் பெரியவர்.

“நான் நேத்தே சொன்னேன்லா மதினி,” என்றார் பெரியவர். “பஸ்ஸுல வச்சுப் பாத்தேன். நம்ம பிள்ள மாதிரியே இருந்திச்சின்னு.”

ஊரே நின்றுவிட்டது. அம்மா கையைப் பிசைந்துகொண்டு முன்னால் போய், “அது வந்து, மதினி, பாலுக்காகத்தான்…” என்று ஆரம்பித்தாள். மாமியார் என்னைப் பார்த்தார்கள், எருமையைப் பார்த்தார்கள், குச்சிகளாக நின்ற தோட்டத்தைப் பார்த்தார்கள். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். ஆபீசில் லீவை ரத்து செய்யச் சொல்ல வேண்டும் என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது.

மாமியார் தட்டைச் சித்தப்பாவின் கையில் திணித்தார்கள். தான் கட்டியிருந்த பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினார்கள். நேராக வந்து என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினார்கள்.

“இப்பிடியா கயித்தப் பிடிக்கது? தலைய மேல தூக்கிப் பிடி, அப்பந்தான் காத்து வெளிய வரும். நீ போய்க் குளி. பத்து மணிக்குக் கோயில்ல நிக்கணும்.”

நான் நகரவில்லை. மாமியாரும் பையாவும் இரண்டு பக்கமும் நின்று மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து, வயிற்றைக் குத்தி அமுக்கிக்கொண்டே ஒரு சுற்று வந்தார்கள். பந்தலின் நடுவில் பிஜ்லி நின்றது. கழுத்தை நீட்டியது. பிறகு ஓர் ஏப்பம் விட்டது. அப்படி ஓர் ஏப்பத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பெருங்காயம், ஓமம், பூசணி, அவரை என்று என் கல்யாண விருந்து மொத்தமும் வாசனையாகப் பந்தலைக் கடந்து போனது.

ஜெபம் செய்யத் தயாராகக் கண்ணை மூடி நின்றிருந்த சித்தப்பா, அந்தச் சத்தத்தில் தன்னையறியாமல், “ஸ்தோத்திரம்!” என்றார்.

காலனி கை தட்டியது. பையா மாமியாரின் காலிலேயே விழுந்துவிட்டார். மாமியார் கையைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம், “சரி, காய் போச்சு. மிச்சம் என்ன இருக்கு?” என்று கேட்டார்கள்.

என்ன இருக்கிறது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மதில் மேல், கொத்துக் கொத்தாக, பச்சைப் பசேலென்று பாகற்காய். எருமை அந்தப் பக்கம் ஒரு வாய் வைத்துவிட்டு, துப்பின தடயம் இருந்தது. பாபி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு கூடையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

“கல்யாணத்துல போய்க் கசப்பா?” என்று அம்மா தயங்கினாள்.

“மொதல்லயே கசந்து தீந்துரட்டும். பொறவு இனிச்சுக் கெடக்கட்டும்,” என்றார்கள் மாமியார்.

நான் சர்ச்சுக்குப் போய், தாலி கட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் காலனிப் பெண்கள் ஒரு விருந்தையே உண்டாக்கியிருந்தார்கள். மாமியின் பாகற்காய்ப் பிட்லை. அம்மாவின் பாகற்காய் வறுவல். பாபி வெங்காயத்தை அடைத்து வைத்த முழுப் பாகற்காய். ஒவ்வொரு வீட்டிலும் ஊரிலிருந்து வந்து ஒளித்து வைத்திருந்த வற்றல் டப்பாக்கள் வெளியே வந்தன. சுண்டை வற்றலில் ஒரு குழம்பு. பாபியின் அப்பளம் இலைக்கு இலை. பையா அன்று பிஜ்லியைக் கறக்கவில்லை. “தீவனம் வாங்கியாச்சு, பேச்சு பேச்சுதான்” என்று மற்ற மாடுகளின் பாலைக் கேன் கேனாகக் கொண்டுவந்து இறக்கினார். கெட்டிப் பால். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பாயசம் அப்படி ஒரு பாயசம்.

தாராவியிலிருந்து வந்த விருந்தாளிகள் இலையைப் பார்த்து முதலில் விழித்தார்கள். வலப்பக்கம் பாகற்காய், இடப்பக்கம் பாகற்காய். மாமியார் முதல் பந்தியில் உட்கார்ந்து, ஒரு வாய் பிட்லையை எடுத்து, மென்று, “ம்” என்றார்கள். அதன் பிறகு வேண்டாம் என்று சொல்ல அவர்கள் சொந்தக்காரர்களில் எவருக்குத் தைரியம் இருந்தது? கசப்பு என்று ஒருவர் முகம் சுளிக்கவில்லை. அரிசிச் சோற்றைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்ததால், பாதிப் பேர் உண்மையாகவே கவனிக்கவில்லை என்றும் சொல்லலாம்.

நானும் என் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டோம். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாலைக்கு மேலாக என் பக்கம் சாய்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எருமைக்கு இப்பம் எப்பிடி இருக்கு?” என்றார்.

அம்மாவின் சட்டத்தை மீறி நான் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

கல்யாணத்தோடு கதை முடியவில்லை. காலனிக்கு அந்த மாதம் காய் இல்லை. அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். தாராவிக்குக் குடிபோன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்ததும் நானும் அவரும் செம்பூர் போனோம். அவர் மண்ணைக் கொத்துவார், நான் விதை போடுவேன். (புத்தகத்தை ஆபீசிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.) பையா வண்டி வண்டியாக எரு அனுப்பினார். அடுத்த முறை பூசணி முன்பைவிடப் பெரிதாக வந்தது. தழை முழுவதும் கொட்டகைக்குப் போனது, பால் காலனிக்கு வந்தது. யாரும் யாருக்கும் காசு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. தாராவியில் எங்கள் சந்திலும் மாமியார் ஒரு பிடி அரிசி டின் வைத்தார்கள். அதில் சோளத்தைப் போட்டவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள் என்பது தவிர, மற்றபடி அம்மாவின் டின் மாதிரியேதான்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் இலையில் முதலில் விழுவது பாகற்காய்ப் பிட்லைதான். மாமியார் போட்ட சட்டம். அவர்கள் போன பிறகும் யாருக்கும் மாற்றத் துணிவில்லை. போன தடவை எங்கள் கடைசி மகளின் கல்யாணத்துக்கு மாதுங்காவில் மண்டபம் பிடித்தோம். சமையல் காண்ட்ராக்டர் என் கணவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், பாகற்காய் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“கல்யாணத்துல யாராவது பாகற்காய் போடுவாங்களா சார்? இதை எந்தப் பெரியவங்க சொன்னது?”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“பெரியவங்க யாரும் சொல்லல தம்பி,” என்றார் அவர். “எங்க கல்யாணத்துல எருமை மிச்சம் வச்சது அது ஒண்ணுதான்.”